உபயக்காரர் வீட்டார் பந்தியில் உட்காரும் வழக்கம்

சென்ற மாதம் என் பழைய பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். நான் பணி ஓய்வு பெற்ற அந்தத் தமிழ்ப்பள்ளியில் இப்போது மதிய உணவுக்குப் பொறுப்பு அவர்தான். ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்திருந்தார். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும். அந்த நோயை எனக்குக் கொடுத்ததே அவர் இப்போது ஏற்றிருக்கும் பொறுப்புதான் என்பதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேநீர் குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், நம்ப ஸ்கூல்ல உபயம் எடுக்கிறவங்க பிள்ளைங்க கண்டிப்பா பந்தியில உக்காந்து சாப்பிடணும்னு ஒரு வழக்கம் இருக்குல்ல? அது எந்தக் காலத்துல இருந்து வருது? இப்ப எல்லாரும் போன்லயே காசு அனுப்பிடறாங்க. பிள்ளைய உக்கார வைங்கன்னு சொன்னா கோவிச்சுக்கறாங்க. சாஸ்திரத்துல இருந்தா நாம கை வைக்க முடியாது, இல்லன்னா எடுத்துடலாம்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு."

அந்தச் சாஸ்திரம் பிறந்தபோது நான் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பெற்றெடுத்தவர் தேவாலயத்தில் கூட்டுப்பாடல் பாடுகிற ஓர் அம்மையார். யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று அவரை அனுப்பிவைத்தேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சிக் கல்லூரி, பிறகு ஜொகூரில் லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டப்பள்ளி, திருமணம், தம்போயில் இந்தப் பள்ளிக்கு மாற்றல். கல்லூரியில் குழந்தை உளவியல் எல்லாம் விரிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு வகுத்தல் கணக்கை எப்படிப் புரியவைப்பது என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

தம்போயில் எங்களுக்குத் தலைமையாசிரியையாக வந்தவர் திருமதி ரத்தினம். பரம்பரையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையை "நீங்கள்" என்று அழைத்தார் என்றால் அந்தப் பிள்ளை பெரிதாக ஏதோ உடைத்துவிட்டது என்று பொருள். முடிவெடுக்க முடியாத விஷயம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது முடிவு இருக்கும். அதன் பிறகு அதை மாற்றக் கல்வி இலாகாவாலும் முடியாது.

காலையில் வறிய பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் துணை உணவு உண்டு. பிரச்சினை மதியத்தில்தான். கூடுதல் வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி என்று பிள்ளைகளைப் பிடித்துவைப்போம். வசதி உள்ளவர்கள் உணவுக்கலத்தைத் திறப்பார்கள். மற்றவர்கள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்கள். இதைப் பார்த்த திருமதி ரத்தினம் கண்ணாடியைத் துடைத்தார். மதிய உணவுத் திட்டம் பிறந்தது.

காசுக்கு எங்கே போவது? பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் வீரையாவைப் பிடித்தோம். கட்டடக் குத்தகையாளர், பக்கத்துக் கோயிலுக்கும் அவர்தான் தலைவர், அதனால் எங்கே பார்த்தாலும் எல்லாரும் அவரைத் தலைவர் என்றே அழைப்பார்கள். அவர் சொன்னார்: "நன்கொடைன்னு கேட்டா நம்ப ஆளு பாக்கெட்ட தடவிக்கிட்டே போயிடுவான் மேடம். உபயம்னு கேளுங்க. ஓடி வருவான்."

அது உண்மைதான். கோயிலில் ஒரு நாள் பூசைச் செலவை ஒரு குடும்பம் ஏற்பது போல, பள்ளியில் ஒரு நாள் மதிய உணவை ஒரு குடும்பம் ஏற்றது. வாசலில் வெண்பலகையில் "இன்றைய உபயம்" என்று பெயர் எழுதுவோம். உபயக்காரருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்போம். முதல் கரண்டி சோற்றை அவர் கையால் பரிமாறுவார். அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு நாள். அதனால் ஞாயிறு உபயத்துக்குத் தள்ளுமுள்ளு நடக்கும். புதன்கிழமை பிள்ளைகளுக்கும் பசிக்கும் என்பதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தெப்ராவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் அன்பர்தான் புதன்கிழமைகளைக் காப்பாற்றினார். பலகையில் பெயர் போட வேண்டாம் என்று சொன்ன ஒரே உபயக்காரரும் அவர்தான்.

அடுத்த சண்டை சாப்பாட்டைப் பற்றி. உபயம் எடுத்தவர்களுக்குப் பிரியாணியும் கேசரியும் பாயசமும் போட ஆசை. திருமதி ரத்தினத்துக்குச் சத்துணவு போட ஆசை. சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, பயத்தங்காய், முட்டை அல்லது நெத்திலி அல்லது தெம்பே என்கிற புளித்த சோயா வில்லை. இதை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை. "எங்கம்மா நினைவு நாளுக்குத் தெம்பேயா மேடம்?" என்று ஒருவர் கண் கலங்கினார். "ஓம், அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா" என்று அவர் பதில் சொன்னார். அந்த அம்மாவை அவர் பார்த்ததே இல்லை.

என் வேலை ருசி பார்ப்பது. பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன் பொறுப்பாசிரியர் எல்லாவற்றிலும் எடுத்துச் சாப்பிட வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, தேதி ஒட்டிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஏதும் ஆனால் சுகாதார இலாகா வந்து கேட்கும். பிறகு ஆசிரியர் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது எனக்கு வயிறு வலிக்கிறதா என்று பள்ளிக்கூடமே காத்திருக்கும். திருமதி ரத்தினம் வாசலில் வந்து நின்று கேட்பார்: "ஏதும் செய்யுதோ?"

"இல்ல மேடம்."

"அப்ப பரிமாறலாம்."

நான் உயிரோடு இருப்பதில் அவர் காட்டிய அக்கறை தினமும் அந்த அளவோடு முடிந்துவிடும். வறிய பிள்ளைகள் மெலியக் கூடாது என்று தொடங்கிய திட்டத்தில் முதலில் பெருத்தவள் நான்தான். என் சர்க்கரை ஏறிய கதையை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து எழுதினார்.

இனி ஷாலினியின் கதைக்கு வருகிறேன். நான்காம் ஆண்டு மாணவி, கெட்டிக்காரி, பேச்சு குறைவு. அப்பா மணியம் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. தினமும் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போகிறவர். எங்கள் ஊரில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்றால் அவர் வசதியானவர் என்று பொருள். அங்கே அவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு மிஞ்சுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் துணை உணவுக்கோ, அந்தப் பட்டியலை வைத்தே நடந்த மதியப் பந்திக்கோ ஷாலினியின் பெயர் பரிசீலனைக்கே வரவில்லை. அது மட்டுமா, ஒரு கூட்டத்தில் தலைவர் எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து, "என்ன மணியம், சிங்கப்பூர் டாலர் சம்பாதிக்கிற ஆளு, மகள் பொறந்த நாளைக்கு ஓர் உபயம் எடுக்கலாம்ல?" என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணியம் சிரித்துக்கொண்டே, "எடுக்கலாம் தலைவரே" என்றார்.

எடுத்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொன்னாடை போர்த்தினோம். பந்தி முழுவதும் அவரே பரிமாறினார். கை அவ்வளவு பழக்கமாக இருந்தது. அவருடைய அப்பா லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டக் கோயிலில் பண்டாரமாக இருந்தவர், சின்ன வயதில் அன்னதானத்தில் பரிமாறிய பழக்கம் என்று சொன்னார். நீங்களும் உட்காருங்கள் என்றேன். "போட்டவன் உக்காரக் கூடாது டீச்சர்" என்று சிரித்து மழுப்பினார்.

அன்றைக்கு மட்டும், பிறந்த நாள் பிள்ளை என்பதால், ஷாலினி பந்தியில் உட்கார்ந்தாள். பல வருடங்களாகப் பிள்ளைகள் சாப்பிடுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சில விஷயங்கள் தெரிந்துபோகும். நிஜமாகவே பசித்திருக்கிற பிள்ளை அள்ளி அள்ளித் தின்னாது. நிதானமாகத் தின்னும், ஒரு பருக்கை சிந்தாது, முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்திவைத்துக் கடைசிக்கு என்று காப்பாற்றும். ஷாலினி அப்படித்தான் சாப்பிட்டாள்.

அதன் பிறகு கவனித்தேன். மோட்டாரில் வந்து இறங்குகிறவள் நடந்து வந்தாள். கேட்டால் மோட்டார் வொர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்றாள். அந்த வொர்க்‌ஷாப்காரன் மோட்டாரைப் புதிதாகவே செய்து முடித்திருக்கலாம், அத்தனை நாள் ஆயிற்று. மதியத்தில் மற்றவர்கள் பந்திக்குப் போகும்போது இவள் நூலகத்துக்குப் போவாள். கூடுதல் வகுப்பில் மேசைமீது தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் காடியில், அதாவது காரில், ஏர்கோன் கெட்டுப்போய் தம்போயில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மணியம் காடி கழுவிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் கம்பெனிச் சட்டையைத்தான் போட்டிருந்தார். ஆனால் கம்பெனிப் பெயர் தெரியாதபடி உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டிருந்தார்.

"லீவு டீச்சர். கூட்டாளி கடை. சும்மா ஒத்தாசைக்கு" என்றார்.

"நல்லதுங்க" என்றேன்.

அவர் என் காடியையும் கழுவிக் கொடுத்தார். என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். பட்டறை முதலாளி சீனர், நான் கேட்காமலே சொன்னார். மணியத்துக்கு முதுகில் அடிபட்டதால் சிங்கப்பூரில் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லையாம். மோட்டாரை விற்றுவிட்டாராம். எப்போது விற்றார் என்று கேட்டேன். உபயத்துக்கு முந்தின வாரம்.

அதாவது, பசியோடு இருந்த பிள்ளையின் அப்பாவிடம் மற்ற பிள்ளைகளின் பசிக்கு உபயம் வாங்கியிருக்கிறோம். அதற்குப் பொன்னாடை வேறு. வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாளே மணியத்தை அழைத்துப் பக்குவமாகத்தான் பேசினேன். ஷாலினியும் மதியத்தில் இங்கேயே சாப்பிடட்டுமே, எல்லாரோடும் சேர்ந்து இருந்த மாதிரி இருக்கும் என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"எம் மக உபயக்காரர் வீட்டுப் புள்ள டீச்சர். அவ போய் அந்தப் பந்தியில உக்காந்தா ஊரு என்ன பேசும்? அன்னைக்கு நான் போட்ட சோத்துக்கே அர்த்தம் இல்லாம போயிடும். எங்க வீட்ல சோறு இருக்கு."

திருமதி ரத்தினத்திடம் போய்ச் சொன்னேன். பட்டறையில் பார்த்ததையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு நெடுநேரம் துடைத்தார்.

"கமலா, உங்கட கோயில்களில உபயம் செய்த வீட்டார் சாப்பிடாமல் போறது சரியோ?"

"விருப்பம் இருந்தா சாப்பிடுவாங்க மேடம். கட்டாயம்னு ஒண்ணும் இல்ல. நான் லாயாங் லாயாங்ல இருந்தப்ப எத்தனையோ உபயம் பார்த்திருக்கேன்."

"இல்லையெண்டால் இனி இருக்கவேணும்" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. தான் தேவாலயத்துக்குப் போகிற ஆள், இந்த விஷயங்கள் அதிகம் தெரியாது என்று தொடங்கினார். யாரோ ஒரு பெரியவர் சொன்னாராம். உபயம் செய்தவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆண்டு முழுவதும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உபயம் நிறைவாகுமாம். இல்லாவிட்டால் குறையாகவே நிற்குமாம். "இவ்வளவு நாளும் தெரியாமல் குறையாகச் செய்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கவலையோடு உட்கார்ந்தார். ஒரு பொய்யை அவ்வளவு பணிவாகச் சொன்னவர் யாரையும் நான் கண்டதில்லை.

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதிகம் கலங்கியவர் தலைவர்தான். அவருடைய மகனும் எங்கள் மாணவன். கோழி நகெட் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளை. அந்த ஆண்டு அவர் எடுத்திருந்த உபயங்கள் வேறு நிறைய. கணக்குப்படி அவன் தெம்பே தின்றே ஆக வேண்டும்.

"அலமாக், அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதில்லையே மேடம்" என்றார். பிறகு, கோயில் தலைவருக்கே தெரியாத வழக்கமா என்று மற்றவர்கள் பார்ப்பது உறைத்திருக்க வேண்டும். "கேட்ட மாதிரியும் இருக்கு லா" என்று சேர்த்துக்கொண்டார். யாரிடமாவது தள்ளிவிட ஆள் தேடியவர் கண்ணில் பின்வரிசையில் இருந்த மணியம் பட்டார்.

"மணியம், உங்கப்பா பண்டாரமா இருந்தவரு. கோயில்லயே வளந்த ஆளு நீ. நீ சொல்லு, இப்படி ஒரு வழக்கம் உண்டா?"

எங்கள் இருவரைத் தவிர அந்த மண்டபத்தில் இது பொய் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய கௌரவம் அப்படியே இருக்கும், ஷாலினி நூலகத்திலேயே இருப்பாள். மணியம் எழுந்தார். திருமதி ரத்தினத்தைப் பார்த்தார். அவர் மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு மணியம் என்னைப் பார்த்தார். நான் அவருடைய சட்டையைப் பார்த்தேன், அன்று அதைச் சரியாகத்தான் போட்டிருந்தார். பட்டறையில் பார்த்ததை நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

"உண்டு" என்றார். "எங்க லாயாங் லாயாங் பக்கம் உண்டு. எங்கப்பா சொல்லுவாரு."

உட்கார்ந்துவிட்டார். தலைவர் உடனே, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

மறுநாள் ஷாலினி பந்தியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இடது பக்கம் தலைவர் மகன் தெம்பேயைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வசதியான பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்ததால் அது ஏழைப் பிள்ளைகளின் பந்தி என்ற பேச்சே காலப்போக்கில் போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றிப் புகார் சொல்லத் தெரிந்த பெற்றோர்கள் உள்ளே வந்ததால் சாப்பாடும் சுவையானது. இதையெல்லாம் நாங்கள் திட்டமிட்டுச் செய்ததாகப் பின்னாளில் ஒரு விருது விழாவில் பாராட்டினார்கள். திருமதி ரத்தினம் மேடையில் வைத்துப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். இப்போது அவர் மகனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்.

மணியமும் நானும் அந்த விஷயத்தைப் பற்றி அதன் பிறகு பேசியதே இல்லை. வழியில் பார்த்தால் மழையைப் பற்றியும் பாலத்து நெரிசலைப் பற்றியும் பேசுவோம்.

இவ்வளவையும் இளம் ஆசிரியரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சென்ற வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். பழைய மாணவி ஒருத்தி, சிங்கப்பூரில் வேலை, முதல் சம்பளத்தில் உபயம் எடுத்திருக்கிறாள், காசை அனுப்பினால் போதும் என்று சொல்லியும் கேட்காமல் நேரில் வருகிறாளாம், நானும் வர வேண்டுமாம். யாரென்று நான் கேட்கவில்லை.

போனேன். ஷாலினி என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். மணியத்துக்கு முடி நரைத்து முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. ஆனாலும் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய பழக்கத்தில் பரிமாறக் கிளம்பினார். ஷாலினி வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கப்பா. உபயக்காரர் வீட்டார் பந்தியில உக்காரணும்."

"அது பிள்ளைங்களுக்கும்மா."

"எனக்குப் பிள்ளையா இருக்கு? இப்ப எனக்கு வீட்டார்னா நீங்கதான். நீங்க சொன்னதுதானப்பா, தாத்தா காலத்து வழக்கம்னு. இப்ப நீங்களே மீறினா எப்படி?"

இளம் ஆசிரியர் என் காதருகில், "பாத்தீங்களா டீச்சர், பழைய குடும்பங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு. அப்ப அந்த வழக்கத்த எடுக்க வேணாம்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். "சொல்லிடுங்க தம்பி" என்றேன்.

மணியம் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் குட்டை வாங்குப் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பந்தியில் அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் பருப்பு வாளியோடு அவரிடம் வந்தபோது தலையை நிமிர்த்தாமல் மெல்லச் சொன்னார்.

"எங்க ஊருல இப்படி ஒரு வழக்கமே கிடையாது டீச்சர்."

"தெரியும். நானும் அந்த ஊர்ல இருந்தவதான். பருப்பு ஊத்தட்டுமா?"

தலையை ஆட்டினார். ஊற்றினேன். அவர் முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.